நீரடி ஒளிப்பதிவில் இயற்கை ஒளியும் செயற்கை ஒளியும் – ஓர் ஆய்வு

முன்னுரை

கடலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஆழி, முந்நீர், பௌவம், புணரி, பரவை என அவை விரியும். ஆழத்தையும் அலையையும் பரப்பையும் பெயராலேயே உணர்த்திய மொழி நம் மொழி. நெய்தல் என ஒரு திணையையே கடற்கரைக்கு வகுத்தவர் தமிழர். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி முத்துக்குளித்தவர்களும் தமிழ்க் கரையினரே. ஆயினும் அக்கடலின் உள்ளே ஒளி எவ்வாறு செல்கிறது, நிறம் எவ்வாறு தேய்கிறது என்பனவற்றைத் தமிழில் எடுத்துரைக்கும் எழுத்துகள் இன்னும் மிகுதல் வேண்டும். அறிவியல் தமிழ் வளர இத்தகைய பொருள்களையும் நாம் தமிழில் எழுதிப் பழகுதல் தேவையாகும்.

இன்று கடலடிக் காட்சிகளைத் திரையில் காணாதார் இலர். செக்கச் சிவந்த பவளமும் மஞ்சள் வரி ஓடிய மீனும் பின்னே விரிந்த நீலமும் நம் கண்ணைக் கவர்கின்றன. அங்கு நாம் காணும் நிறம் கடலின் நிறமா, பவளத்தின் நிறமா, அன்றி விளக்கின் நிறமா? இவ்வினா அழகைப் பற்றியது மட்டுமன்று. பவளப் பாறைகள் வெளிறி மடிந்துவரும் இக்காலத்தில் அவற்றின் நலத்தை அறிய நிறமே முதல் அடையாளமாக உள்ளது. நிறம் பிறழப் பதிவு செய்தால் நோயுற்ற பவளம் நலமுடையதாகவும், நலமுள்ளது நோயுற்றதாகவும் தோன்றிவிடும். எனவே இயற்கை ஒளியையும் செயற்கை ஒளியையும் எவ்வாறு சமன்செய்வது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீருள் ஒளியின் இயல்பு

காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒளி தன் பாதையில் விலகுகிறது. 11ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் ஆய்வு நிகழ்த்திய இப்னு அல்-ஹைதம், தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் பெருநூலின் இறுதிப் பகுதியில் இவ்விலகலை விரிவாக ஆராய்ந்துள்ளார். நீருக்குள் புகுந்தபின் ஒளிக்கு மேலும் இரண்டு நிகழ்கின்றன. ஒன்று உட்கவர்தல், மற்றொன்று சிதறல்.

நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உட்கவர்வதில்லை. அலைநீளம் மிகுந்த சிவப்பை விரைந்து விழுங்குகிறது. நீலத்தை மிக மெல்லக் குறைக்கிறது. 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள செவ்வொளி தூய நீரில் 1 மீட்டர் கடந்தவுடன் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பங்கே எஞ்சும். 5 மீட்டர் கடந்தால் 18 பங்கு. 10 மீட்டர் கடந்தால் 3 பங்கு. அதே 10 மீட்டரில் 600 நானோமீட்டர் செம்மஞ்சள் ஒளி 11 பங்கும், 550 நானோமீட்டர் பச்சை ஒளி 57 பங்கும், 450 நானோமீட்டர் நீல ஒளி 91 பங்கும் எஞ்சி நிற்கின்றன. முதலில் சிவப்பு, பின்னர் செம்மஞ்சள், அதன்பின் மஞ்சள் என நிறங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுவதை இக்கணக்கு காட்டுகிறது.

சிதறலைப் பற்றிப் பேசுங்கால் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர். சி. வி. இராமனை நினையாதிருத்தல் இயலாது. 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பியபோது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. அந்நீலம் வானத்தின் வெறும் எதிரொளிப்பே என்ற கருத்து அக்காலத்தில் வழங்கியது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச்செய்கின்றன என்று அவர் ஆய்ந்து காட்டினார். அத்தேடலின் தொடர்ச்சியே 1928இல் இராமன் விளைவாகவும் 1930இல் நோபல் பரிசாகவும் கனிந்தது.

எல்லாக் கடலும் நீலமன்று என்பதும் அறியத்தக்கது. நுண்பாசிகளும் கரைந்த தாவரக் கழிவுகளும் மிகுந்த கரையோர நீரில் அவை நீல ஒளியை உட்கவர்ந்து விடுகின்றன. எஞ்சுவது பச்சை. ஆகவே செங்கடலில் நீலத்தோடும், கலங்கிய கரையோரக் கடலில் பச்சையோடும் ஒளிப்பதிவாளர் போராட வேண்டியுள்ளது. இவ்விரண்டிற்கும் மருந்து ஒன்றன்று.

தொலைவே உண்மையான ஆழம்

மாணவர்கள் இங்கு ஒரு நுட்பத்தை மனத்திற் கொள்ளவேண்டும். ஆழத்தை மட்டும் கணக்கிடுதல் போதாது. ஒளி நீருள் நடக்கும் மொத்தத் தொலைவையே கணக்கிட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் உள்ள பவளத்தை 2 மீட்டர் விலகி நின்று பதிவு செய்தால், கதிரவன் ஒளி மேற்பரப்பிலிருந்து பவளத்திற்கு 10 மீட்டரும், பவளத்திலிருந்து கருவிக்கு 2 மீட்டரும் கடக்கிறது. கதிரவன் உச்சியில் நிற்பதாகக் கொண்டாலும் 12 மீட்டர் ஆயிற்று. சாய்ந்திருப்பின் இன்னும் மிகும். அப்போது மேற்சொன்ன செவ்வொளியில் நூற்றுக்கு 2 பங்குகூடக் கருவியை வந்தடைவதில்லை.

இதனாலேயே 'நெருங்கு; மேலும் நெருங்கு' என்பது இத்துறையின் முதல் பாடமாயிற்று. அகன்ற கோணமுடைய லென்சை இணைத்துக்கொண்டு பொருளுக்கு அருகே செல்லுதல், எந்த விளக்கையும் ஃபில்டரையும்விட முதன்மையான நிற மருத்துவமாகும்.

கண்ணும் கருவியும்

நீரில் மூழ்குவோர் எல்லாவற்றையும் ஒரே நீலமாகக் காண்பதாகக் கூறுவதில்லை. நம் கண்ணும் மூளையும் சூழலுக்கேற்பத் தம்மைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. வெள்ளைத் தாள் பகலிலும் வெள்ளை, மஞ்சள் விளக்கின் கீழும் வெள்ளை எனவே நாம் உணர்கிறோம். அதே ஆற்றல் நீருள்ளும் ஓரளவு துணைசெய்கிறது. ஒளிப்பதிவுக் கருவிக்கோ அத்தகைய பட்டறிவு இல்லை. தன்மேல் விழுந்ததை விழுந்தபடியே அது பதிவு செய்கிறது. கண் பொறுத்துக்கொள்ளும் குறையைக் கருவி பொறுப்பதில்லை.

முன்னோடிகளின் முயற்சி

பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி பூத்தான் 1893இல் பான்யூல் கடற்கரையில் நீரடி நிழற்படங்களை எடுத்தார். 1899இல் மின்வில் விளக்குகளையே நீருள் இறக்கிப் படமெடுத்தார். செயற்கை ஒளியின் தேவை அன்றே உணரப்பட்டது.

வண்ணத்தில் முதல் வெற்றி 1926இல் கிட்டியது. வில்லியம் லாங்லி என்னும் மீனியல் அறிஞரும் சார்லஸ் மார்ட்டின் என்னும் நிழற்படக் கலைஞரும் புளோரிடாவின் கடலில் மிதவை ஒன்றின்மீது மக்னீசியப் பொடியை வெடிக்கச் செய்து, அதன் பேரொளியில் மீன்களை வண்ணத்தில் பதிவு செய்தனர். அப்படங்கள் 1927 சனவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழில் வெளிவந்தன. நிறத்தை மீட்க அவர்கள் ஒளியைப் பெருக்கினர். எனினும் அவ்வொளியும் மேலிருந்தே வந்ததால் நீரைக் கடந்தே மீனை அடைந்தது. விளக்கையே பொருளின் அருகிற் கொண்டு செல்வது அடுத்த படியாயிற்று. ழாக்-ஈவ் கூஸ்தோவும் லூயி மாலும் இணைந்து உருவாக்கிய 'மௌன உலகம்' என்னும் வண்ண ஆவணப்படம் 1956இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது. மின்விளக்குகளோடு நீருள் இறங்கி, அதுவரை நீலத்தில் மறைந்திருந்த சிவப்பையும் மஞ்சளையும் உலகத்தார் காணச் செய்தது அப்படம்.

இயற்கை ஒளியை மட்டும் கொண்டு பதிவு செய்தல்

இதற்கு இரு துணைகள் உள்ளன. முதலாவது 'ஒயிட் பேலன்ஸ்' என வழங்கும் வெண்மைச் சமன். வெள்ளை அல்லது சாம்பல்நிறப் பலகை ஒன்றைப் பொருள் இருக்கும் ஆழத்தில் பிடித்து, 'இதுவே நிறமற்றது' என்று கருவிக்கு அறிவித்தல் இது. உடனே கருவி நீலத்தையும் பச்சையையும் தாழ்த்திச் சிவப்பை உயர்த்துகிறது. ஆழம் சில மீட்டர் மாறினாலும் இச்சமனை மீண்டும் அமைத்தல் வேண்டும். தானியங்கி அமைப்பில் விட்டுவிட்டால் ஒரே காட்சியின் நடுவே நிறம் மாறிக்கொண்டேயிருக்கும். நிழற்படத்தில் இது பெருங்குறையன்று; ஓடும் படத்திலோ கண்ணை உறுத்தும். எனவே ஒருமுறை அமைத்துப் பூட்டிவிடுதலே முறை.

இரண்டாவது லென்சின்மேல் பொருத்தும் செந்நிற ஃபில்டர். இது சிவப்பைச் சேர்ப்பதாகப் பலரும் எண்ணுவர். அது பிழை. ஃபில்டர் எதையும் சேர்ப்பதில்லை. மிகுந்துள்ள நீலத்தையும் பச்சையையும் தடுத்துச் சமன்செய்கிறது. அதனால் மொத்த ஒளி குறையும் என்பதை மறத்தலாகாது. நீல நீருக்குச் செந்நிறம் அல்லது செம்மஞ்சள் ஃபில்டரும், பச்சை நீருக்கு ஊதா கலந்த சிவப்பாகிய மெஜந்தா ஃபில்டரும் ஏற்றவை.

இவ்விரண்டிற்கும் எல்லை உண்டு. இல்லாத சிவப்பை எதனாலும் உயர்த்த முடியாது. ஏறத்தாழ 15 மீட்டருக்குக் கீழே சிவப்பு அலைவரிசையை மிகைப்படுத்தினால் நிறத்திற்கு மாறாகப் புள்ளி இரைச்சலே பெருகும். தெளிந்த நீரில் இவ்வெல்லை சற்றுத் தாழும். கலங்கிய நீரில் உயரும். நண்பகலையொட்டிய வேளையில், கதிரவனை முதுகுப்புறம் கொண்டு பதிவு செய்வது நலம் பயக்கும்.

விளக்கின் வலிமையும் எல்லையும்

விளக்கைப் பொருளின் அருகிற் கொண்டு செல்லும்போது நீரின் தொலைவு சுருங்குகிறது. விளக்கு 1 மீட்டரிலும் கருவி 1 மீட்டரிலும் இருப்பின் ஒளியின் பயணம் 2 மீட்டர் மட்டுமே. செவ்வொளியில் பாதி எஞ்சுகிறது. 30 மீட்டர் ஆழத்திலும் இக்கணக்கு மாறுவதில்லை. ஆழத்தை வெல்லும் வலிமை விளக்கிற்கு உண்டு.

ஆனால் அதன் ஆட்சி குறுகியது. விளக்கும் கருவியும் 2 மீட்டருக்கு விலகினால் நேர்வது யாது? ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிராகக் குறைவதால் நான்கில் ஒன்றாகிறது. கூடுதலாக 2 மீட்டர் நீரைக் கடப்பதால் செவ்வொளி மேலும் பாதியாகிறது. ஆக, சிவப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்க, நீலம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் நிற்கிறது. தொலைவை இருமடங்காக்கிய அளவிலேயே விளக்கொளி மங்குவதோடன்றி நீலமாகவும் திரிகிறது.

மற்றொரு இடர் நீரில் மிதக்கும் நுண்துகள்கள். விளக்கைக் கருவியின் அருகிலேயே பொருத்தினால், இடையிலுள்ள துகள்களெல்லாம் ஒளிர்ந்து பனிப்பொழிவு போல் காட்சியை மறைக்கும். எனவே நீண்ட கைகளில் விளக்குகளை இருபுறமும் அகற்றிவைத்து, கற்றையின் ஓரமே பொருளைத் தொடுமாறு சற்று வெளிநோக்கித் திருப்புதல் வேண்டும்.

எல்.இ.டி. விளக்குகளை வாங்குவோர் ஒளியின் அளவை மட்டும் நோக்குதல் போதாது. சில விளக்குகளின் ஒளி கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றினும் அதில் ஆழ்ந்த சிவப்பு குறைந்திருக்கும். நிறங்களை மெய்யாகக் காட்டும் திறனைக் குறிக்கும் எண் 90க்கு மேற்பட்டதாயிருத்தல் நன்று.

இரு ஒளிகளின் முரண்

இனிக் கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். ஒரே சட்டகத்தில் அருகிலுள்ள பவளம் விளக்கொளியிலும், பின்புலம் கடலொளியிலும் நிற்கின்றன. விளக்கின் நிறவெப்பம் ஏறத்தாழ 5600 கெல்வின். நண்பகற் கதிரொளியை ஒத்தது. சூழ்ந்த நீரின் ஒளியோ சிவப்பிழந்த நீலம். கருவிக்கு ஒரு வெண்மைச் சமன்தான் அமைக்க இயலும். எதனை வெண்மை எனக் கொள்வது?

விளக்கை வெண்மையாகக் கொண்டால் பவளம் தன் நிறத்தில் விளங்கும். பின்புலம் ஆழ்ந்த நீலமாக நிற்கும். கடல் நீலமாயிருத்தல் இயல்பாதலின் பார்ப்பவர் ஏற்றுக்கொள்வர். ஆனால் விளக்கு எட்டாத இடைத்தொலைவில் உள்ள பாறைகளும் மீன்களும் நீலத்தில் மூழ்கிப்போகும். சூழலை வெண்மையாகக் கொண்டால் அந்த இடைத்தொலைவு தெளியும். ஆனால் விளக்கு பட்ட இடமெல்லாம் செந்தழல் போல் சிவந்துவிடும். லென்சில் செந்நிற ஃபில்டரும் கையில் வெண்விளக்கும் கொண்டு இறங்குவோர் பெறும் விளைவும் இதுவே. சிவப்பு தேவைப்படாத ஒளிக்கு இருமுறை சிவப்பூட்டிய கதை அது.

சமன்செய்யும் மூன்று வழிகள்

முதல் வழி, ஒன்றைத் துறத்தல். ஆழம் குறைந்த தெளிந்த நீரில், அகன்ற காட்சிக்கு விளக்கை அணைத்துவிட்டு இயற்கை ஒளியையே நம்புதல். இரவிலும் குகையிலும் பேராழத்திலும் விளக்கையே நம்புதல். பல நேரங்களில் இதுவே சிறந்த முடிவு.

இரண்டாம் வழி, ஆட்சிப் பரப்பைப் பகிர்தல். வெண்மைச் சமனை விளக்கிற்கு அமைத்து, விளக்கின் ஒளி 1 மீட்டர் அளவில் உள்ள பொருளை மட்டும் தழுவுமாறு செய்தல். இங்கு வரிசை முறை முதன்மையானது. முதலில் பின்புல நீலத்திற்கேற்பக் கருவியின் ஒளியளவை அமைத்தல் வேண்டும். அதன்பின் விளக்கின் வலிமையைக் கூட்டியோ குறைத்தோ முன்பொருளை அதற்கு இணையாக்குதல் வேண்டும். முறை மாறி, விளக்குபட்ட பொருளுக்கு முதலில் ஒளியளவை அமைத்தால் பின்புலம் இருண்டு, நண்பகற் கடலும் நள்ளிரவுக் கடலாகிவிடும்.

மூன்றாம் வழி, இரண்டையும் ஒரு நிறமாக்குதல். விளக்கின்மேல் நீலநிற ஃபில்டரைப் பொருத்தி, அதன் ஒளியை அந்த ஆழத்துச் சூழல் ஒளியின் நிறத்திற்கே கொண்டுவருதல். பின்னர்க் கருவியின் வெண்மைச் சமனைச் சூழலுக்கு அமைத்தால், அது விளக்கிற்கும் பொருந்தும். லென்சில் செந்நிற ஃபில்டர் இருப்பினும் முரண் எழாது. விளக்கின் வெள்ளொளியை வேண்டுமென்றே நீலமாக்குவது வியப்பாகத் தோன்றலாம். இங்கு விளக்கின் பணி நிறம் ஊட்டுவதன்று. பாறையிடுக்கின் நிழலை நீக்கி வடிவத்தைத் தெளிவிப்பது. ஒளி ஒரே நிறமாயிருப்பதால் விளக்கு எங்கே முடிந்தது, கடல் எங்கே தொடங்கிற்று என்பது தெரியாமல் காட்சி இயல்பாய் அமையும். இதற்குக் கொடுக்கும் விலை இரண்டு. விளக்கின் ஒளியில் பெரும்பகுதி ஃபில்டரில் கழிந்துவிடும். ஆழத்திற்கேற்ற ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். சூழல் ஒளியில் சிவப்பு எஞ்சியிருக்கும் ஆழம் வரையே இவ்வழி செல்லும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

பதிவுக்குப் பின்

கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்ற துணிவு இன்று பலரிடம் காணப்படுகிறது. பதிவாகாத சிவப்பைக் கணினியாலும் மெய்யாக மீட்க இயலாது. ஊகித்தே வரைய இயலும். மேலும், ஒரே காட்சியில் அருகிலுள்ளதற்கும் தொலைவிலுள்ளதற்கும் நிற இழப்பு வேறுவேறானதால், முழுப்படத்திற்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. 2019இல் இசுரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தைச் சார்ந்து தெர்யா அக்காய்னாக், தாலி திரெய்பிட்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் 'சீ-த்ரூ' என்னும் முறையை வெளியிட்டனர். ஒவ்வொரு புள்ளியும் கருவியிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது எனக் கணித்து, அதற்கேற்ப நீரின் விளைவை நீக்குவது அம்முறை. தொலைவே நிறத்தின் திறவுகோல் என்று நாம் முற்கூறியதை இதுவும் உறுதிப்படுத்துகிறது.

நிறம் என்னும் சான்று

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று வினவலாம். பவளம் உயிருள்ள விலங்கு. அதன் திசுவில் வாழும் நுண்பாசிகள் அதற்கு உணவையும் நிறத்தையும் தருகின்றன. கடல் வெம்மையுறும்போது பாசிகள் நீங்க, ஒளியூடுருவும் திசுவின் வழியே வெண்மையான சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதுவே வெளிறல் எனப்படும். 1998, 2010 ஆகிய ஆண்டுகளிலும் 2014 முதல் 2017 வரையிலும் உலகளவில் பவளங்கள் வெளிறின. நான்காவது உலகளாவிய வெளிறல் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2016இல் நம் மன்னார் வளைகுடாப் பவளங்களும் இதற்குத் தப்பவில்லை.

வெளிறல் ஒரே நாளில் முழுவெண்மையாக வருவதன்று. நிறம் சிறிது சிறிதாக மங்கும். அம்மங்கலை அறிவதே ஆய்வாளரின் பணி. மிகு வலிமையுள்ள விளக்கை அருகிற் பிடித்தால் நலமுள்ள பவளமும் வெளிறித் தோன்றும். சமன் செய்யாத நீலப் பதிவில் வெளிறியதும் நலமுள்ளது போல் மறைந்து நிற்கும். கணினியில் அழகுக்காகச் செம்மையைக் கூட்டினாலோ நோயே இல்லையென்று படம் சொல்லிவிடும். இதனை உணர்ந்தே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 2002இல் பவள நல அட்டை ஒன்றை உருவாக்கினர். பவளத்தின் நிறத்தை அட்டையிலுள்ள நிறப்படிகளோடு அங்கேயே ஒப்பிட்டுக் குறிக்கலாம். ஒளிப்பதிவு செய்வோரும் ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் நிற அட்டை ஒன்றைப் பொருளின் அருகே வைத்துப் பதிந்து, ஆழம், நேரம், விளக்கு, ஃபில்டர் ஆகியவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும். அக்குறிப்பு இருப்பின் பத்தாண்டு கழித்துப் பார்ப்பவரும் அப்படத்தை நம்பலாம். இல்லையேல் அது அழகிய காட்சியாகவே நின்றுவிடும், சான்றாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன புலனாகின்றன. நீர் சிவப்பை முதலிலும் நீலத்தை இறுதியிலும் கவர்கிறது. ஆழத்தைவிட ஒளி கடக்கும் மொத்தத் தொலைவே நிறத்தை முடிவு செய்கிறது. வெண்மைச் சமனும் ஃபில்டரும் இருக்கும் நிறத்தைத் திருத்துமே தவிர, இல்லாததை ஆக்கமாட்டா. விளக்கு ஆழத்தை வெல்லும்; தொலைவை வெல்லாது. இரு ஒளிகள் கூடும் இடத்தில் ஒன்றைத் துறத்தலோ, பரப்பைப் பகிர்தலோ, இரண்டையும் ஒரு நிறமாக்குதலோ செய்தல் வேண்டும்.

கடலோரக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்களுள் சிலர் நாளை கடலாய்வாளராகவும் ஒளிப்பதிவாளராகவும் வருதல் கூடும். கருவி பதிவு செய்வது ஒரு சாட்சியம். கூட்டியும் குறைத்தும் உரைக்கும் சாட்சியால் வழக்கு கெடுவது போல, நிறத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டும் படத்தால் கடலின் வழக்கு கெடும். பேசமாட்டாத பவளத்திற்காகப் பேசவேண்டிய பொறுப்பு, கருவியைக் கையில் ஏந்துவோரைச் சார்ந்தது. அப்பொறுப்பை உணர்ந்து, அதற்குரிய அறிவைத் தமிழிலேயே பெற்று, தமிழிலேயே பிறர்க்கு வழங்க நம் மாணவர் முன்வருவாராக.